என் மௌனத்துக்கு வைத்த பெயர்கள்



‘ஆட்டிசம் இருந்தும் சாதித்தவர்’ என்று என்னை அறிமுகம் செய்தார்கள். அந்த ‘இருந்தும்’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

எனக்கு ஆட்டிசம் என்று மனநல மருத்துவர் சொன்னபோது வயது 29. அதற்கு முன்பே என் மௌனத்துக்கு நிறையப் பெயர்கள் இருந்தன. ராசிபுரம் பக்கம் எங்கள் தெருவில் ‘அடக்கமான புள்ள’. கல்லூரியில் முகம் பார்த்துப் பேசாததால் ‘திமிர்’. வாய்மொழித் தேர்வில் திணறினால், ‘கோட்டாவில் வந்தது, வேறெப்படி இருக்கும்’. அதே வகுப்பில் ஆதிக்கச் சாதி மாணவன் ஒருவனும் யாரோடும் பேசமாட்டான். அவனுக்குக் கிடைத்த பெயர் ‘ஜீனியஸ்’. எங்களுடைய தடுமாற்றத்துக்குச் சாதி ஏற்கெனவே ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. பிறகு யார் மருத்துவரிடம் போகச் சொல்வார்கள்?

சட்டமும் தாமதம்தான். 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைச் சொன்னது. அதில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தின் 21 வகைகளில்தான் இடம் கிடைத்தது. அரசு வேலையில் 4% ஒதுக்கீடு. அதில் 1%-ஐ ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ‘ஏற்கெனவே ஒரு கோட்டா, இன்னொன்றுமா?’ என்கிறார்கள். 1992 இந்திரா சஹானி தீர்ப்பைப் படிக்கட்டும். சாதி ஒதுக்கீடு செங்குத்து, மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு கிடைமட்டம்; ஒன்று மற்றொன்றை ஊடறுக்கும். என் வாழ்க்கையிலும் இரண்டும் அப்படித்தான் ஊடறுக்கின்றன.

கண்டறிந்த பின் என்ன மாறியது? நெறியாளர் திருத்தங்களை எழுத்தில் தருகிறார். கருத்தரங்கில் கேள்விகளை எழுதி வாங்கிக்கொள்கிறேன். என் ஆய்வு பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் முன்பணக் கடன் பற்றியது. தறிச் சத்தத்தில் என்னால் பேட்டி எடுக்க முடியாது. அதனால் ஷிப்ட் முடிந்தபின் வீடுகளுக்குப் போனேன். முதலாளியின் காது இல்லாத இடம். கடன் கணக்கை அவர்களும் தயங்காமல் சொன்னார்கள். எனக்காகச் செய்த ஏற்பாடு ஆய்வுக்கே நல்லதாகிவிட்டது. என் ஆட்டிசம் அப்படியேதான் இருக்கிறது. வேலை செய்யும் விதம் மட்டும் மாறியது.

ஆனால் என்னைக் காட்டி, பேச்சே வராத இன்னொரு ஆட்டிசக் குழந்தையை யாரும் அளக்கக் கூடாது. 1944-இல் நம் சேலத்தில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. அதே ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் ஆட்டிசம் பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டார். சில குழந்தைகளின் தனித்திறமையைப் பாராட்டியவர் அவர். அவரே வேறு சில குழந்தைகளை, நாஜிகள் குழந்தைகளைக் கொன்ற ஆம் ஷ்பீகல்கிரண்ட் மனைக்கு அனுப்பினார் என்பதை ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் 2018-இல் ஆவணங்களோடு காட்டினார். பயன்படுபவர், பயன்படாதவர் என்று மனிதரைத் தரம் பிரித்தால் அது அங்கேதான் போய் நிற்கும். ‘தகுதி, திறமை’ என்ற பேச்சை எதிர்த்து வளர்ந்த நாம், ஆட்டிசத்தில் மட்டும் அதை ஏற்கலாமா?

இயக்கத்திடம் என் கோரிக்கை சிறியது. கூட்டத்தில் என்ன பேசப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறையுங்கள். கைகொடுக்காத, கண் பார்க்காத தோழரை ஒதுங்கிப் போகிறவர் என்று முடிவு கட்டாதீர்கள். எங்கள் தெருவில் இன்னும் எத்தனை ‘அடக்கமான’ பிள்ளைகள் இருக்கிறார்களோ, அவர்கள் 29 வயது வரை காத்திருக்க வேண்டாம்.

ஜெய்பீம்.