ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் ஒரு புதையல்

கணினிக்கு எழுதும் நிரலை வானொலியில் விளக்க முடியுமா என்று சிலர் கேட்கக்கூடும். கரும்பலகையும் இல்லை, திரையும் இல்லை. ஆயினும் ஒரு தாளும் பென்சிலும் போதும். மாணவர்களே, தாளில் மேலிருந்து கீழாக 5 நிரைகளும், நிரைக்கு 5 கட்டங்களுமாக, மொத்தம் 25 கட்டங்கள் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, நம் தோட்டப் பள்ளியில் படித்துச் சென்ற மாணவி ஒருத்தி நம்மைத் தேடி வந்தாள். நான்காம் படிவத்தில் கணினி அறிவியல் எடுத்திருந்தாள். தவணைக்கு அவள் தந்தை மடிக்கணினி வாங்கிக் கொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கையில் அச்செடுத்த ஒரு பக்க நிரல்.

"சார், இதை முழுசா மனப்பாடம் பண்ணிட்டேன். ஆனா கம்ப்யூட்டர் ஏமாத்துது. திங்கட்கிழமை பாடத்தை மாத்திக்கப் போறேன்," என்றாள்.

அந்த நிரல் ஜாவா மொழியில் இருந்தது. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட மொழி அது. முதலில் ஓக் மரத்தின் பெயர் வைத்திருந்தார்கள். பிறகு ஜாவாத் தீவின் காப்பியை நினைத்துப் பெயரை மாற்றினார்கள். மணிமேகலை சாவகம் என்று சொல்லும் நாட்டின் பெயர் இப்படிச் சுற்றிக்கொண்டு நம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது!

நிரல் செய்வது எளிய விளையாட்டுத்தான். 25 கட்டங்களில் ஒன்றில் கணினி ஒரு புதையலை ஒளித்து வைக்கிறது. எந்த நிரை, அந்த நிரையில் எத்தனையாவது கட்டம் என்று நாம் இரண்டு எண்களைத் தட்டச்சு செய்கிறோம். புதையல் அகப்படும்வரை ஆட்டம் தொடரும்.

முதல் வரி கட்டங்களை உண்டாக்குகிறது. எண் வகைக் கட்டம் என்பதால் ஜாவா தானாகவே எல்லாவற்றிலும் 0 போட்டு வைக்கும். உங்கள் தாளிலும் 25 பூச்சியங்கள் எழுதுங்கள். அடுத்த இரு வரிகளும் கணினியைச் சீட்டெடுக்கச் சொல்கின்றன. நிரைக்கு ஒரு சீட்டு, கட்டத்துக்கு ஒரு சீட்டு. சீட்டு விழுந்த கட்டத்தில் 0 போய் 1 வருகிறது. அதுதான் புதையல். அதன்பின் ஒரு சுழற்சி: கேள், அந்தக் கட்டத்தைப் பார், 1 இருந்தால் நிறுத்து, இல்லையேல் மறுபடி கேள். இவ்வளவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

தெரியாதது ஒன்றுதான். சீட்டெடுக்கும் கட்டளைக்கு 5 என்று கொடுத்தால் வருவது 1 முதல் 5 வரை அன்று. 0 முதல் 4 வரை. ஜாவாவில் முதல் நிரையின் எண் 0. கடைசி நிரையின் எண் 4. அவளோ 1 முதல் 5 வரை தட்டினாள். 5 என்று தட்டியவுடன் நிரல் நின்று, சிவப்பு எழுத்துகள் கொட்டின. அதற்குப் பயந்து 4 வரை மட்டுமே தட்டி ஆடினாள். அப்படி ஆடினால் 16 கட்டங்களைத்தான் தொடலாம். மேல் நிரையிலோ இடது ஓரத்திலோ உள்ள 9 கட்டங்களில் புதையல் இருந்துவிட்டால் நாள் முழுவதும் ஆடினாலும் அகப்படாது. 'ஏமாத்துது' என்று அவள் சொன்னதில் வியப்பில்லை. ஒன்றிலிருந்து எண்ணக் கற்றுக்கொடுத்தவர்களும் நாம்தாமே!

பூச்சியத்தை எப்படிப் புரியவைப்பது? ரப்பர்க் காட்டு நிரையை நினைவூட்டினோம். நிரையின் தலைப்பில் நிற்கும் மரத்தை அடைய எத்தனை மரங்களைக் கடக்க வேண்டும்? ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த மரத்துக்கு? ஒன்று. ஜாவா கேட்பது "எத்தனையாவது" என்று அல்ல. "எத்தனையைக் கடந்து" என்று. தாளில் நிரைகளின் ஓரத்தில் 0, 1, 2, 3, 4 என்று எழுதினாள். கட்டங்களின் மேலேயும் அப்படியே எழுதினாள்.

அதன்பின் நாமே ஒரு பிழை செய்தோம். சீட்டில் வரும் எண்ணோடு ஒன்றைக் கூட்டிவிடு, 1 முதல் 5 வரை வரும் என்றோம். முதல்முறை சரியாக ஓடியது. இரண்டாம் முறை, அவள் எதையும் தட்டுமுன்னரே சிவப்பு எழுத்து! கணினியே ஐந்தாம் எண்ணில் புதையலை வைக்கப் போய், இல்லாத கட்டத்தில் விழுந்துவிட்டது. சில வேளை ஓடி, சில வேளை விழும் நிரல்தான் மிகவும் தொல்லையானது.

இம்முறை அந்தச் சிவப்பு வரியை அவளையே வாசிக்கச் சொன்னோம். "இண்டெக்ஸ் 5 அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் ஃபார் லெங்த் 5" என்றிருந்தது. நீளம் ஐந்து; நீ கேட்டது 5 என்னும் எண்ணுள்ள இடம்; அது எல்லைக்கு வெளியே. அவ்வளவுதான். "திட்டுதுன்னு நெனச்சேன் சார், வழிதான் சொல்லியிருக்கு," என்றாள். ஆங்கிலத்தில் வந்தாலே அதைக் கண்டனமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது.

திருத்தத்தை அவளே சொன்னாள். சீட்டு பழையபடி 0 முதல் 4 வரை இருக்கட்டும். ஆடுபவர் 1 முதல் 5 வரை தட்டட்டும். தட்டிய எண்ணை வாங்கியவுடன் ஒன்றைக் கழித்துவிடுவது. கழித்த எண் 0க்குக் குறைவாகவோ 4க்கு மேலாகவோ இருந்தால், "கட்டத்துக்கு வெளியே" என்று அறிவித்து மறுபடி கேட்பது. இந்தச் சோதனை கட்டத்தைப் பார்க்கும் வரிக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வந்தால் விழுந்தபிறகு வேலி கட்டியதாகும்.

திங்கட்கிழமை அவள் பாடத்தை மாற்றவில்லை. இப்போது அவள் தம்பி அந்த ஆட்டத்தில் தன்னை வென்றுவிடுகிறான் என்று குறைப்படுகிறாள்.

மாணவர்களே, உங்கள் தாளின் கீழே இன்னொரு கட்டம் வரையுங்கள். இம்முறை 6 நிரைகள், நிரைக்கு 4 கட்டங்கள். நிரலில் எந்தெந்த இடங்களில் 5ஐ மாற்ற வேண்டும்? எங்கே 6 வரும், எங்கே 4 வரும்? எல்லைச் சோதனையில் என்ன எண்கள் வரும்? பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு கணினியைத் திறங்கள்.