பார்த்து எழுதுவதும் படித்து எழுதுவதும்



ஓர் இலக்கிய அமைப்பின் நினைவுச் சொற்பொழிவில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான ஆங்கிலத் தேர்வைப் பற்றி ஏன் பேச வேண்டும்? எழுத்து யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பது தலித் இலக்கியத்தின் முதல் கேள்வி. பள்ளிக்கூடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது தேர்வுத்தாள்.

தேர்வைக் கேள்வி கேட்பது நமக்குப் புதிதல்ல. 1890களில் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தும்படி காங்கிரஸ் கேட்டபோது, இரட்டைமலை சீனிவாசன் மக்களைத் திரட்டி எதிர்த்தார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அந்தத் தேர்வு சாதி இந்துக்களின் கையில் அதிகாரத்தைக் குவிக்கும் என்பது அவருடைய வாதம். எல்லோருக்கும் ஒரே தாள் என்பதால் மட்டும் தேர்வு நியாயமாகிவிடாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

இன்றைய தாளுக்கு வருவோம். ஒரு பத்தி கொடுத்துக் கேள்வி கேட்கிறார்கள். பிள்ளை வாசித்துப் புரிந்துகொண்டதா என்று பார்ப்பதற்காகவாம். இந்த வரியைக் கேளுங்கள்: 'கிப்பன் லாமலைத் தொவித்தான்.' யார் தொவித்தது? கிப்பன். எதைத் தொவித்தான்? லாமலை. இரண்டு மதிப்பெண் வாங்கிவிட்டீர்கள். என்ன புரிந்தது? ஒன்றும் இல்லை. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு, அந்த வரியை அப்படியே எடுத்து எழுது. நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலத் தேர்வைக் கடப்பது இந்த வித்தையால்தான். இதற்குக் கண் போதும், மொழி தேவையில்லை.

எழுதும் திறனுக்கு விடுப்புக் கடிதம். தலைமுறை தலைமுறையாக எல்லோருக்கும் ஒரே காய்ச்சல்! அம்மாவோடு பருத்தி எடுக்கப் போனதால் பள்ளிக்கு வராத பிள்ளையும் காய்ச்சல் என்றே எழுதுகிறாள். அவள் பொய் சொல்லவில்லை. நோட்ஸில் அது மட்டும்தான் இருக்கிறது. உண்மைக் காரணத்தை எழுத அவளுக்கு மூன்று வாக்கியம் போதும். அந்த மூன்று வாக்கியத்தை யாரும் கற்றுத்தரவில்லை, கேட்கவும் இல்லை.

சட்டத்தில் குறையில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். வளரறி என்றால், பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று பார்த்து அங்கேயே கைகொடுப்பது. பல வகுப்பறைகளில் அது பதிவேட்டில் எண் நிரப்பும் வேலையாகவும், கடையில் வாங்கிய படத்தைச் சார்ட்டில் ஒட்டும் வேலையாகவும் சுருங்கிப்போனது. ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பதிவேட்டைக் கேட்கிற அதிகாரி, பிள்ளை வாசிப்பதைக் கேட்பதில்லை.

வாசிப்பை அறிய, வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். 2005இல் தொடங்கிய ஏசர் ஆய்வில் வீட்டுக்கே போய் ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்க வைக்கிறார்கள். ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எளிய சொல், எளிய வாக்கியம் என்று படிகள். வாசித்த பிள்ளையிடம் அதன் பொருளைத் தன் மொழியிலேயே சொல்லச் சொல்கிறார்கள். இது முக்கியம். ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில் விளக்கும் பிள்ளைக்கு வாசிப்பு வந்துவிட்டது; பேச்சுதான் இன்னும் வரவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பூஜ்யம் போடுவது அநீதி. அதே சமயம், எளிய வாக்கியத்தோடு எட்டாம் வகுப்பு முடிந்துவிடாது. வரியில் நேராகச் சொல்லாததைப் பத்தியிலிருந்து ஊகிக்கத் தெரிய வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சோதித்த கையோடு 'மெல்லக் கற்போர்' என்று பெயர் சூட்டித் தனி பெஞ்சில் உட்கார வைப்பது. அந்த பெஞ்சில் எந்தத் தெருப் பிள்ளைகள் உட்காருகிறார்கள் என்று உங்கள் ஊரில் போய்ப் பாருங்கள். மதிப்பீடு பிள்ளைக்கு அடுத்த படியைக் காட்ட வேண்டும். இன்னொரு சேரியைக் கட்டக் கூடாது.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. பார்த்து எழுதியே பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை, கல்லூரியில் முதல் ஆங்கிலப் பாடநூலைத் திறக்கும்போது தனியாக நிற்கிறது. கல்வி உதவித்தொகை கட்டணத்தைக் கட்டும். பக்கத்தை வாசித்துத் தராது. அப்போது பள்ளியின் குறை பிள்ளையின் குறையாக மாறுகிறது. 'தகுதி இல்லை' என்கிறார்கள், இடஒதுக்கீட்டைப் பழிக்கிறார்கள். அந்தப் பழியின் விதை ஆறாம் வகுப்பில் போட்ட பொய் மதிப்பெண்ணில் இருக்கிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சில. பாடநூலில் இல்லாத ஒரு பத்தி ஒவ்வொரு தாளிலும் வேண்டும். ஒரு வரியைப் பெயர்த்து எழுதிப் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்றாவது வேண்டும். நோட்ஸில் கிடைக்காத, பிள்ளையின் வாழ்விலிருந்து எழுதும் தலைப்பு வேண்டும். திருத்தும்போது சொல்லவந்த செய்திக்கு முதல் மதிப்பெண், வாக்கியத்துக்கு அடுத்தது, எழுத்துப்பிழைக்குக் கடைசி இடம். திருத்திய தாள் பிள்ளையிடம் திரும்ப வேண்டும், அது மறுபடி எழுத வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் இருக்கிறார்கள். மதிப்பெண்ணைக் கேட்பதை நிறுத்திவிட்டு, 'என் பிள்ளை வாசிக்கட்டும், நாங்கள் கேட்கிறோம்' என்று அவர்கள் சொல்லட்டும். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் வாரம் ஒரு மாலை, தங்கள் தெருப் படிப்பகத்தில் ஒரு பிள்ளையின் அருகில் உட்கார்ந்து, அது வாசிப்பதைக் கேளுங்கள். எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குங்கள்.

ஜெய்பீம்.