சமய உரிமையும் சமணர் கடமையும்

(சங்கரன்கோவிலில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

அருகப் பெருமான் திருவடி போற்றி!

சங்கரன்கோவில், அரியும் அரனும் ஒரே திருமேனியாக வணங்கப்பெறும் ஊர். இதற்கு அண்மையிலுள்ள கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும், அவற்றைச் செய்வித்தோர் பெயர் பொறித்த வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துள்ளன. அறம் செய்தோரின் நோக்கத்தை இங்கே கல் காத்தது. இன்று அதனைச் சட்டம் காக்கிறது. அக்காவல் எளிதில் கிடைத்ததன்று.

1950-ஆம் ஆண்டு பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. சமய அறநிலையத்திற்கு அரசு அலுவலரையே அறங்காவலராக்கவும், ஒரு பணிக்கென அளித்த பொருளை வேறு பணிக்குத் திருப்பவும் அச்சட்டம் இடமளித்தது. சுவேதாம்பர சமணக் கோயில் ஒன்றின் நிர்வாகி ரதிலால் பானாசந்த் காந்தி அதனை எதிர்த்தார். பம்பாய்ப் பார்சி பஞ்சாயத்தின் அறங்காவலரும் எதிர்த்தனர். வழிபாட்டில் வேறுபட்ட இரு சமயத்தாரும் ஒரே உரிமைக்காக வாதாடினர்.

1954-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்விரு விதிகளையும் சமய அறநிலையங்களைப் பொறுத்தவரை செல்லாதவையாக்கியது. கொள்கை மட்டுமன்றி, அதன்வழி நிகழும் சடங்கும் சமயமே. அச்சடங்கு இன்றியமையாததன்று எனக் கூறப் புறத்தாருக்கு உரிமையில்லை என்றும் விளக்கியது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, நலவாழ்வு ஆகியவை அவ்வுரிமைக்கு எல்லைகள். அவ்வாண்டே, அன்றைய சென்னை மாநிலத்து உடுப்பி சீரூர் மடத்து வழக்கிலும் இந்நெறியே நிலைநாட்டப்பட்டது.

இது பழங்கதையன்று. 2015 ஆகஸ்டு 10-ஆம் நாள் இராசத்தான் உயர் நீதிமன்றம் சல்லேகனை நோன்பைத் தற்கொலையாகக் கருதத் தீர்ப்பளித்தது. திகம்பரரும் சுவேதாம்பரரும் ஒன்றுபட்டு எழுந்தனர். ஆகஸ்டு 31-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தமிழர் வடக்கிருத்தல் எனப் போற்றிய நோன்புக்கே இச்சோதனை வந்தது.

இதிலிருந்து கொள்ளத்தக்க கடமைகள் இரண்டு. முதலாவது, தூய கணக்கு. 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பு பதிவையும் தணிக்கையையும் ஏற்றுக்கொண்டது. கணக்கில் மறைவு வைப்போர் உரிமை பேசத் தகார். இரண்டாவது, பிறர் வழிபாட்டுக்கு இடர் நேரும்போது அவர்பக்கம் நிற்றல். சமணர் பெற்ற தீர்ப்பு பார்சிகளையும் காத்தது; மடத்தார் பெற்ற தீர்ப்பு சமணருக்கும் அரணாயிற்று. பிறர் நோக்கிலும் உண்மை உண்டெனக் கற்பிக்கும் அநேகாந்த நெறியினர் இதனை மறத்தலாகாது.

அறம் வளர்க! அகிம்சை வெல்க!