டிஜிட்டல் தொலைக்காட்சி: தெளிவும் அதன் எல்லையும்



சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. திண்டிவனம் நூறு கிலோமீட்டருக்கு மேல்; விழுப்புரம் இன்னும் தூரம். உயரக் கம்பத்தில் ஆன்டெனா, பூஸ்டர் எல்லாம் வைத்தும் படம் புள்ளிபுள்ளியாகத்தான் வரும். "இன்னும் கொஞ்சம் திருப்புடா!" என்று மாடிக்குக் குரல் கொடுத்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள்.

அது அனலாக். படம் அலையின் ஏற்ற இறக்கமாகவே வந்தது. வழியில் சேர்ந்த இரைச்சலும் அதோடு கலந்தது. டிஜிட்டலில் படம் 0, 1 என்ற எண்களாக வருகிறது. இரைச்சல் சேர்ந்தாலும் இது 0-வா, 1-ஆ என்று செட்டாப் பாக்ஸ் பிரித்துவிடுகிறது. மாறாத பகுதியைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல் சுருக்குவதால், ஒரு சானல் போன இடத்தில் பல சானல்கள் போகின்றன.

ஆனால் அலை ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் படம் கட்டம்கட்டமாக உடைந்து, அடியோடு நின்றுவிடும். மங்கலாகவாவது பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. கொட்டும் மழையில் டிஷ் வைத்த வீடுகளுக்கு இது தெரியும். புயல் செய்தி தேவைப்படுகிற நேரமும் அதுதானே! 2024 ஃபெஞ்சல் புயலில் நம் மாவட்டம் பட்ட பாட்டை மறக்க முடியுமா?

மாணவர்களே, வீட்டில் ஒரு பேட்டரி ரேடியோ வையுங்கள். கரகரத்தாலும் செய்தி காதில் விழும்.