இணைப்பில் நிற்பவர் யார்?

(குரங்கணியில் நடைபெற்ற ஆசிரியர் சந்திப்பில், பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் முதுநிலை சிஸ்டம்ஸ் இன்ஜினியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. நான் பேசப்போகும் விஷயத்துக்கு நீங்கள் இரு தரப்பினரும் சேர்ந்து இருக்க வேண்டியது அவசியம். ஏன் என்பதை முடிவில் சொல்கிறேன்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று போடியில் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். "பாதுகாப்புத் துறையில் சிஸ்டம்ஸ் இன்ஜினியர்" என்பேன். "அப்படின்னா கம்ப்யூட்டர் ரிப்பேரா மாப்ளே?" என்பார் ஒருவர். "துப்பாக்கி செய்வீங்களா?" என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை. அந்த வேலையை விளக்க இந்தக் குரங்கணியை விட நல்ல இடம் கிடையாது.

மேலே டாப் ஸ்டேஷன் இருக்கிறது. வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கிறது. ரயிலே இல்லாத மலையில் இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று உங்கள் மாணவர்கள் கேட்டிருப்பார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் மூணாறுப் பக்கத்துத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாகச் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்தது. அங்கிருந்து கம்பிவடப் பாதையில், அதாவது ரோப்வேயில், கோட்டகுடிக்கு இறங்கியது. பிறகு வண்டியில் போடிக்குப் போனது. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அந்தச் சிறு ரயில் பாதையை அழித்துவிட்டது. பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன.

இதில் ரயிலை ஓட்டத் தெரிந்தவர் ஒருவர். கம்பிவடம் தெரிந்தவர் ஒருவர். மாட்டு வண்டி தெரிந்தவர் ஒருவர். ஆனால் ரயிலிலிருந்து இறங்கும் பெட்டி கம்பிவடக் கொக்கியில் மாட்டும் அளவில் இருக்க வேண்டும். கம்பிவடம் இறக்கும் வேகத்துக்கு ஈடாகக் கீழே வண்டிகள் காத்திருக்க வேண்டும். இதை யார் பார்ப்பது? ஒவ்வொரு பகுதியையும் அல்ல, பகுதிகள் சேரும் இடத்தைப் பார்ப்பவர்தான் சிஸ்டம்ஸ் இன்ஜினியர்.

இப்போது ஆவடிக்கு வருவோம். அர்ஜுன் டாங்கியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 58 டன்னுக்கு மேல் எடை. 4 வீரர்கள் உள்ளே இருப்பார்கள். 120 மில்லிமீட்டர் பீரங்கி. 1400 குதிரைத்திறன் கொண்ட ஜெர்மானிய எஞ்சின். அதன் கவசம் ஹைதராபாத் ஆய்வகத்தில் உருவானது. பீரங்கி புனேயில். குறிபார்க்கும் கருவிகளுக்கான வேலை டேராடூனில். இவை எல்லாவற்றையும் ஒரே வண்டியாக்கும் பொறுப்பு ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு.

கவசக் குழு இன்னும் தடிமன் கேட்கும். அதனால் எடை கூடும். எடை கூடினால் எஞ்சின் திணறும், பாலம் தாங்குமா என்ற கேள்வி வரும், ரயில் வேகனில் ஏற்ற முடியுமா என்ற கேள்வி வரும். மின்னணுக் கருவி கூடினால் வெப்பம் கூடும். வெளியே ராஜஸ்தான் பாலைவனம், உள்ளே நான்கு மனிதர்கள். எல்லோரும் கேட்பது நியாயம்தான். எல்லோருக்கும் கொடுத்தால் வண்டி நகராது. இந்தப் பேரத்தைக் கணக்கோடு பேசி முடிப்பது எங்கள் வேலையின் முதல் பாதி.

இரண்டாம் பாதி சோதனை. நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில் இரண்டு கருவிப் பெட்டிகள் இருந்தன. இரண்டும் ஆய்வக மேசையில் எல்லாச் சோதனையிலும் தேறின. வாகனத்தில் ஏற்றியதும் கோடைக்காலச் சோதனைக் களத்தில் தகவல் விட்டு விட்டு வந்தது. பல நாள் தேடினோம். பெட்டிகளில் கோளாறு இல்லை. அவற்றை இணைத்த கேபிள், அதிர்வில் ஒரு தாங்கியில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. முதல் குழுவின் வரைபடம் தன் பெட்டியோடு முடிந்தது. அடுத்த குழுவின் வரைபடம் தன் பெட்டியில் தொடங்கியது. நடுவில் இருந்த ஒன்றரை அடி கேபிள் யாருடையதும் இல்லை. அதன்பின் அந்தத் திட்டத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு பக்கத் தாள் எழுதினோம். அதில் என்ன போகிறது, எவ்வளவு போகிறது, எந்த நிலையில் தாங்க வேண்டும், பொறுப்பு யார் என்று நான்கு வரிகள். கடைசி வரியில் கட்டாயம் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும்.

கணித ஆசிரியர்களுக்காக ஓர் உண்மை நிகழ்வு. 1991 வளைகுடாப் போர். பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படை முகாம் மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 வீரர்கள் இறந்தார்கள். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் எதிர்ப்பு ஏவுகணை அமைப்பு அங்கேயே இருந்தது. ஆனால் ஏவவில்லை. காரணம் 0.1 என்ற எண்.

அந்தக் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று முடிவில்லாமல் எழுதுவது போல, பத்தில் ஒன்று இரும எண் முறையில் முடிவில்லாமல் நீளும். 24 பிட்டில் வெட்டினார்கள். ஒவ்வோர் எண்ணிக்கையிலும் சுமார் 0.000000095 விநாடி பிழை. அற்பம்தான். ஆனால் அந்த அமைப்பு 100 மணி நேரம் அணைக்கப்படாமல் ஓடியிருந்தது. 100 மணி நேரம் என்பது 3,60,000 விநாடி. பத்தில் ஒன்றாக எண்ணினால் 36,00,000. பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 0.34 விநாடி வரும். ஸ்கட் விநாடிக்கு 1,600 மீட்டருக்கு மேல் பாய்வது. ஆக, ரேடார் வானத்தில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளித் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பெருக்கலைக் கரும்பலகையில் செய்துவிடுவார்கள்.

ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பெருக்கல் அல்ல. இந்தக் கோளாறு முன்பே தெரிந்திருந்தது. 8 மணி நேரம் ஓடினாலே குறி விலகுகிறது என்று இஸ்ரேலியர்கள் இரண்டு வாரம் முன்பே தெரிவித்துவிட்டார்கள். பிப்ரவரி 21 அன்று களத்துக்கு எச்சரிக்கையும் போனது. அதில் 'மிக நீண்ட நேரம்' இயக்கினால் விலகல் வரலாம் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி? அது எழுதப்படவில்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26 அன்று, அதாவது மறுநாள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1992-இல் வெளியிட்ட அறிக்கையில் இவ்வளவும் இருக்கிறது.

தெரிந்தவரிடம் எண் இருந்தது. தேவைப்பட்டவரிடம் போய்ச் சேர்ந்தது ஒரு வெறும் சொல்.

போடிக்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஏலக்காய் வாங்க வருபவரிடம் 'நல்ல காய்' என்று சொல்லி விற்க முடியாது. சல்லடையில் போட்டு 8 மில்லிமீட்டர் காய், 7 மில்லிமீட்டர் காய் என்று பிரித்துச் சொன்னால்தான் ஏலத்தில் விலை. ஸ்டோரில் காய் பிரிக்கும் அம்மாவிடம் கேளுங்கள், அளவு சொல்லாத தரம் தரமே இல்லை என்பார். பாதுகாப்புத் துறையில் நான் எழுதிய தேவை அறிக்கைகள் எல்லாம் அந்தச் சல்லடையின் வேலைதான். 'வேகமாக அணைக்க வேண்டும்' என்று எழுதக் கூடாது. அர்ஜுன் டாங்கியில் வீரர்கள் இருக்கும் அறையில் தீ பிடித்தால், கண்டறிந்து அணைக்க வகுத்த நேரம் 200 மில்லிவிநாடி. நாம் கண் இமைக்கும் நேரம்தான். அப்படி எழுதினால்தான் அதைச் சோதிக்க முடியும்.

ஒரு பள்ளியில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், நீங்க செஞ்சது எல்லாம் ஆளுங்க சாகறதுக்குத்தானே?" என்று கேட்டாள். தலைமையாசிரியர் சங்கடப்பட்டு அவளை உட்காரச் சொன்னார். நான் பதில் சொல்லியே தீர வேண்டும் என்றேன். ஆயுதம் ஆயுதம்தான். அதை மறைத்துப் பேசக் கூடாது. அதை எப்போது எடுப்பது என்பதை மக்கள் தேர்ந்தெடுத்த அரசு முடிவு செய்கிறது. அது வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடிக்காமலும், போகக் கூடாத இடத்துக்குப் போகாமலும், உள்ளே இருக்கும் நான்கு பேர் வீடு திரும்பும்படியும் பார்ப்பது என் வேலையாக இருந்தது. இதில் என் மனம் முழுக்க அமைதியாக இருக்கிறதா என்று கேட்டால், அந்தப் பெண்ணின் கேள்வி இன்னும் கூடவே வருகிறது என்பேன். இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகள் அந்தக் கேள்வியோடுதான் வர வேண்டும். தயவுசெய்து அவர்களை உட்கார வைத்துவிடாதீர்கள்.

இந்த ஊரில் நின்றுகொண்டு தீயைப் பற்றிப் பேசுவது எளிதல்ல. 2018 மார்ச் 11 அன்று மலையேற்றம் வந்தவர்கள் இந்தச் சரிவில் காட்டுத் தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் கருடா கமாண்டோக்களும் வந்தார்கள். அதற்கு முன்னால் ஓடியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். செயற்கைக்கோள் வானிலிருந்து வெப்பத்தைக் காண்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் அதை எச்சரிக்கைச் செய்தியாக அனுப்பும் ஏற்பாடு நாட்டில் இருக்கிறது. ஆனால் வானத்தில் இருக்கும் கண்ணுக்கும் சரிவில் நடக்கும் காலுக்கும் நடுவே எத்தனை இணைப்புகள்! செய்தி யாருக்கு, எத்தனை நிமிடத்தில், எந்தப் பாதையில்? கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஏதாவது ஓர் இணைப்பில் ஆள் இல்லை என்றால் பயன் இல்லை.

இப்போது உங்கள் இரு தரப்பையும் ஏன் சேர்த்துக் கேட்டேன் என்று சொல்கிறேன். மலைக்கிராமத்துப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துக் கீழே ஆறாம் வகுப்புக்கு வருகிறது. ஐந்து வருடம் அந்தப் பிள்ளையை அறிந்த ஆசிரியர் மேலே இருக்கிறார். புதிதாக ஐந்து பாட ஆசிரியர்கள் கீழே இருக்கிறார்கள். எல்லோரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் வருகிறது, எமிஸ் எண் வருகிறது. ஆனால் 'கடன் வாங்கிக் கழிப்பதில் நிற்கிறான், பெருக்கலில் கெட்டிக்காரன்', 'மூன்றாவது வரிசையிலிருந்து கரும்பலகை தெரியவில்லை', 'எஸ்டேட் வேலை முடியும் மாதத்தில் வீடு மாறுவார்கள்' என்ற செய்திகள் வருவதில்லை. சில பிள்ளைகள் அந்த ஒன்றரை அடி கேபிளில்தான் அறுந்து போகிறார்கள். பிறகு நாம் அவர்களை 'இடைநின்றவர்' என்று பதிவு செய்கிறோம்.

நான் கேட்பது ஒரு பக்கத் தாள். ஒரு பிள்ளைக்கு நான்கு வரி. 'சுமார்', 'பரவாயில்லை' என்ற சொற்கள் வேண்டாம். என்ன வரும், என்ன வராது, எதைக் கவனிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் யாரை அழைக்க வேண்டும். கடைசி வரியில் உங்கள் பெயர்.

மாணவர்களுக்கும் இதை விளையாட்டாகக் கற்றுக் கொடுக்கலாம். வானவில் மன்ற வகுப்பில் செய்து பாருங்கள். வகுப்பை மூன்று குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு டாப் ஸ்டேஷன், ஒன்று சென்ட்ரல் ஸ்டேஷன், ஒன்று கோட்டகுடி. நூல், நூல்கண்டுச் சக்கரம், தீப்பெட்டி கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் ரோப்வேயில் தன் பகுதியைத் தனியாகச் செய்யட்டும். பேசக் கூடாது, துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பலாம். கடைசியில் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் தீப்பெட்டி நடுவில் நின்றுவிடும். அப்போது 'யார் தப்பு?' என்று கேட்காதீர்கள். 'எந்தச் சீட்டில் எந்த அளவு விட்டுப்போனது?' என்று கேளுங்கள். இரண்டாம் முறை தீப்பெட்டி கீழே வந்து சேரும்.

அந்த விளையாட்டில் அளவு எழுதி அனுப்பிய பிள்ளையைக் கவனித்து வையுங்கள். அவருக்கு இந்தத் துறையில் இடம் இருக்கிறது. பொறியியல் படித்து கேட் தேர்வு எழுதி விஞ்ஞானியாக வரலாம். ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களையும் டி.ஆர்.டி.ஓ. தேர்வு நடத்தித் தொழில்நுட்பப் பணியாளர்களாக எடுக்கிறது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சியை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019-இல் தொடங்கப்பட்டிருக்கிறது. தேய்ந்த கேபிளை முதலில் கண்ணால் கண்டுபிடித்தவர் எங்கள் குழுவில் ஐ.டி.ஐ. படித்த ஒரு பிட்டர்தான் என்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள்.

மதிய உணவு காத்திருக்கிறது. ஒரு வேண்டுகோள். சாப்பிட உட்காரும்போது தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் தனி வரிசை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் தனி வரிசை வேண்டாம். உங்கள் பள்ளியிலிருந்து பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்களோ, அந்தப் பள்ளி ஆசிரியர் பக்கத்தில் உட்காருங்கள். இலை எடுப்பதற்குள் நான்கு பிள்ளைகளைப் பற்றியாவது பேசிவிடுங்கள்.