விரல் அறியும் ழகரம்



பார்வையற்றோர் எழுதவும் படிக்கவும் பயன்படும் பிரெயில் குறிப்பேட்டுக் கருவிகளில் பழையனவற்றையும் புதியனவற்றையும் ஒப்பிட்டுச் சில கருத்துகளைக் கூற விழைகிறேன். கவிஞர் அவையில் கருவிக்கு என்ன வேலை என ஐயம் எழலாம். ஒருவர் தம் கவிதையைத் தாமே படித்துத் திருத்த இயலுமா என்பது இக்கருவியைப் பொறுத்தது. ஆதலின் இது நம் அவைக்குரிய பொருளே.

லூயி பிரெயில் 1829இல் வெளியிட்ட முறை, ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிகளைக் கொண்டது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. அதன்படி தமிழின் ககரத்துக்குரிய புள்ளிகளே கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் உரியவை. மும்மொழியும் சந்தையில் கலந்தொலிக்கும் சூளகிரிக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து வேறில்லை. அச்சில் 'கொ' எழுதக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் இடுகிறோம். பிரெயிலில் ககரத்தை அடுத்து ஒகரம் வரும். மெய்யை அடுத்தே உயிர் ஒலிக்கும் என்ற தொல்காப்பியர் கருத்து அங்கே விரலுக்குப் புலனாகிறது.

தொடக்கத்தில் சிலேட்டும் ஊசியும் இருந்தன. தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்தி, திருப்பிப் படிக்க வேண்டும். 1951இல் வந்த பெர்க்கின்சு தட்டச்சு அச்சிரமத்தைப் போக்கியது. எனினும் ஒரு சீரை மாற்றி அமைக்கத் தாள் முழுவதையும் மீண்டும் அடிக்க நேர்ந்தது. 1987இல் அமெரிக்கர் டீன் பிளேசி உருவாக்கிய 'பிரெயில் என் ஸ்பீக்' ஏழே விசைகள் கொண்ட சிறு பெட்டி. எழுதியதைச் சேமிக்கும், திருத்த இடம் தரும், உரக்கப் படித்தும் காட்டும். ஆனால் தொட்டுப் படிக்க அதில் ஒரு புள்ளியும் இல்லை. குரலும் ஆங்கிலத்துக்கென அமைந்தது. 1990களில் வந்த 'பிரெயில் லைட்' எழுந்து தாழும் ஊசிப் புள்ளிகளை விரலுக்குத் தந்தது. 2000இல் 'பிரெயில்நோட்' வந்தது. 2016இல் அதன் தொடுதிரை வடிவம் கைப்பேசிச் செயலிகளையும் இணையத்தையும் உள்ளடக்கி வந்தது.

புதியதன் வசதிகள் பல. ஆயினும் கவிஞர் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இது பேசுவதோடு நிற்கிறதா, தொட்டும் படிக்கலாமா? "கைப்பேசியே படித்துச் சொல்கிறதே, பிரெயில் எதற்கு?" என்பாரை இன்று எங்கும் காண்கிறோம். செவிச்செல்வம் சிறந்ததே. ஆனால் ஒற்று மிகுவதும் மிகாததும், அடி எங்கே முடிகிறது என்பதும் இயந்திரக் குரலில் தெளிவாக வருவதில்லை. பிரெயிலில் லகரம் கட்டத்தின் இடப்பக்க மூன்று புள்ளிகள். ளகரம் வலப்பக்க மூன்று. ழகரம் ஐந்து புள்ளிகள். விரல் இவற்றை ஒருபோதும் மயங்காது. ஒலி மயங்கும் எழுத்துகளைக் கேட்டே கற்றவர் எழுத்துப் பிழைக்கு ஆளாவது அவர் குற்றமன்று.

அடுத்தது வரியின் நீளம். திருக்குறளின் முதற் குறளைப் பிரெயிலில் எண்ணிப் பார்த்தேன். புள்ளி பெறும் மெய்க்கு இரு கட்டங்கள், உயிர்க்குறிக்குத் தனிக் கட்டம் எனக் கொண்டால், இடைவெளியோடு முதலடிக்கு 26 கட்டங்களும் இரண்டாம் அடிக்கு 18 கட்டங்களும் ஆகின்றன. 20 கட்டக் கருவியில் நாற்சீரடி உடைகிறது, முச்சீரடி முழுதாக நிற்கிறது. 40 கட்டக் கருவியில் இரண்டடிகளும் தனித்தனியே உடையாமல் விரலுக்குக் கிடைக்கின்றன. யாப்பறிந்தோர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

தடை விலையே. மின்னழுத்தத்தால் வளையும் தகடுகளே நெடுங்காலம் புள்ளிகளை உயர்த்தி வந்தன. அவற்றால் கருவிகளின் விலை இலட்சங்களை எட்டியது. விலையைக் குறைக்கும் நோக்கில் 20 கட்டங்களோடு 'ஆர்பிட் ரீடர்' வந்தது. தில்லி ஐ.ஐ.டி. 2019இல் வெளியிட்ட 'டாட்புக்' 20, 40 என இரு வடிவங்களில் அமைந்தது. அதன் உருவாக்கத்தில் சென்னையின் பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்கும் பங்குண்டு.

கருவி எத்துணைப் புதியதாயினும் படிக்க நூல் வேண்டும். பக்கத்தின் படத்தையோ பழைய எழுத்துரு முறையில் அமைந்த கோப்பையோ பிரெயிலாக மாற்றுவது கடினம். ஒருங்குறியில் அமைந்த உரைக்கோப்பை எளிதில் மாற்றலாம். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவில் நூல்களை அளிக்க இசைவு தருகிறது. மராக்கேசு உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே. ஆகவே சட்டம் நமக்குக் குறுக்கே நிற்கவில்லை.

எனவே வட்டத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இம்மலரையும், இதுவரை வந்த நம் தொகுப்புகளையும் அடிபிரிப்புச் சிதையாமல் ஒருங்குறிக் கோப்பாக்கி, பார்வையற்ற மாணவர் பயிலும் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வழங்குவோம். கவியரங்கில் பார்வையற்ற கவிஞர் ஒருவர் தம் கவிதையை விரலால் படித்து அரங்கேற்றும் வாய்ப்பையும் அளிப்போம். பதினோராம் ஆண்டின் முதற்பணியாக இதனை ஏற்க வேண்டுகிறேன்.