ரோபோட்டுக்கும் ஒரு வாத்தியார் வேண்டும்!

(மணிமங்கலம் பட்டிமன்ற மேடை. தலைப்பு: ‘இயந்திர யுகத்தில் தொழிலாளியின் குடும்பத்தைக் காப்பது கையில் இருக்கும் வேலையா? கற்றுக்கொள்ளும் வித்தையா?’ ‘கற்றுக்கொள்ளும் வித்தையே!’ என்ற அணியின் நிறைவுப் பேச்சு.)

நடுநிலை தவறாத நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, உங்கள் கைதட்டலையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிற எதிரணிச் சகோதரி அவர்களே! ஷிப்டு முடிந்து வேனிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் யூனிஃபார்மோடு வந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே! பெரியவர்களே, தாய்மார்களே!

இந்த ஊரில் பேச எனக்குக் கொஞ்சம் பயம்தான். ஏன்னா மணிமங்கலம் சண்டைக்குப் பேர்போன ஊர். ஏழாம் நூற்றாண்டிலே வாதாபியிலிருந்து இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்தான். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று பல இடங்களில் நரசிம்மவர்ம பல்லவன் அவனைப் புறமுதுகு காட்ட வைத்தான் என்று கூரம் செப்பேடு சொல்கிறது. அவ்வளவு பெரிய சக்கரவர்த்தியையே திருப்பி அனுப்பின ஊருக்கு, என்னை அனுப்புறதா கஷ்டம்? (சிரிப்பு)

இன்றைக்கும் இங்கே ஒரு படை வந்திருக்கிறது நடுவர் அவர்களே. யானையில் வரவில்லை, குதிரையில் வரவில்லை. கன்டெய்னர் லாரியில், மரப்பெட்டிக்குள்ளே வருகிறது. ஒரகடத்திலே இறக்குறாங்க, இருங்காட்டுக்கோட்டையிலே இறக்குறாங்க. பெட்டியைப் பிரிச்சா உள்ளே ஒரே ஒரு கை! தலை கிடையாது, வயிறு கிடையாது, கை மட்டும். அந்தக் கைக்கு டீ பிரேக் வேண்டாம், தீபாவளி போனஸ் வேண்டாம், ‘மச்சினிச்சி கல்யாணம் சார், ரெண்டு நாள் லீவு’ என்று கேட்காது. (சிரிப்பு) அந்தக் கையைப் பார்த்துத்தான் இன்றைக்கு நம்ம வீட்டுக் கை நடுங்குகிறது.

எதிரணிச் சகோதரி கண்ணில் தண்ணீர் வரப் பேசினார்கள். ‘முதலில் இருக்கிற வேலையைக் காப்பாத்துங்க, அப்புறம் பாடம் நடத்துங்க’ என்றார்கள். ‘பயிற்சி என்பது முதலாளி கொடுக்கிற மிட்டாய், மிட்டாயைக் கொடுத்துவிட்டு வேலையைப் பிடுங்கிக்கிறான்’ என்றார்கள். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று ஒரு பழமொழியையும் தூக்கிப் போட்டார்கள். மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். நடுவர் மணி அடிக்காமல் இருக்கணும். (சிரிப்பு)

அம்மா, அந்த ரோபோட் கை இருக்கிறதே, அது பெட்டியிலிருந்து இறங்கியதும் வேலை செய்யுமா? செய்யாது. அதற்கு ஒன்றுமே தெரியாது. எங்கே போகணும், எந்தக் கோணத்தில் திரும்பணும், எவ்வளவு நேரம் நிற்கணும் என்று ஒவ்வொரு புள்ளியாக ஒருத்தர் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுக்கணும். அதற்கு ஒரு கருவி இருக்கிறது, கையில் பிடித்துக்கொள்கிற பலகை மாதிரி. அதற்குப் பெயர் என்ன தெரியுமா? ‘டீச் பெண்டன்ட்’. டீச் என்றால் சொல்லிக் கொடுக்கிறது! ஆக, ரோபோட்டுக்கே ஒரு வாத்தியார் வேண்டியிருக்கிறது! (கைதட்டல்)

அந்த வாத்தியார் யார் என்பதுதான் இன்றைய வழக்கு. ஒரு கார் உடம்பிலே ஆயிரக்கணக்கான ஸ்பாட் வெல்டிங் இருக்கிறது. பத்து வருஷம் வெல்டிங் பிடித்த ஒரு அண்ணனைக் கேளுங்கள். தகடு சரியாக ஒட்டியதா என்று பொறி பறக்கிற விதத்தைப் பார்த்தே சொல்வார். வெல்டிங் முனை தேய்ந்துபோச்சு, சீவணும் என்பதைச் சத்தத்திலே கண்டுபிடிப்பார். அந்த அறிவு ரோபோட்டுக்கு இல்லை. கம்ப்யூட்டர் படித்துவிட்டு நேற்று வந்த பையனுக்கும் இல்லை. பையனுக்குப் பலகை தெரியும், தகடு தெரியாது. அண்ணனுக்குத் தகடு தெரியும், பலகை தெரியாது. நான் கேட்கிறேன், பையனுக்குப் பத்து வருஷத் தகட்டு அறிவைக் கொடுப்பது சுலபமா, அண்ணனுக்குச் சில மாதத்தில் பலகையைச் சொல்லிக் கொடுப்பது சுலபமா? (கைதட்டல்)

‘ஐம்பதில் வளையுமா’ என்று கேட்டீங்களே, எங்க சித்தப்பா வளைந்தார். காஞ்சிபுரத்தில் ஒரு அச்சகத்திலே கம்பாசிட்டர். ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்க்கிறவர். நாற்பத்தாறு வயசிலே அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது, சித்தப்பா வீட்டுக்கு வந்தார். (சிரிப்பு) ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் பக்கத்துத் தெரு டி.டி.பி. சென்டர் பையனிடம் போய், ‘தம்பி, எனக்கும் கத்துக்கொடு’ என்றார். அவன், ‘தாத்தா, இது கஷ்டம்’ என்றான். சித்தப்பா சொன்னார்: ‘முப்பது வருஷமா எழுத்தைத் தலைகீழாப் பார்த்துப் படிச்சவன்டா நான். இதுல நேராத்தானே இருக்கு!’ (கைதட்டல்)

ஆறு மாசம் ஆச்சு அவருக்குக் கை ஓடறதுக்கு. ஒருநாள் அந்தப் பையன் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்தான். இரண்டு பக்கமும் ‘மணமகன்’ என்றே அடித்துவிட்டான். (பலத்த சிரிப்பு) பிரிண்ட் போகிறதுக்கு முன்னால் சித்தப்பா கண் அதைப் பிடித்தது. அன்றைக்கு அந்த சென்டர்காரர் சொன்னார், ‘ஐயா, நீங்க நாளையிலேருந்து சம்பளத்துக்கு வாங்க.’ பழைய தொழிலில் இருந்த கண்ணும், புதிய தொழிலில் வந்த கையும் சேர்ந்தது. அதற்குப் பிறகு பதினாலு வருஷம் அந்த வேலை சோறு போட்டது.

இந்தக் கதையை இதோடு முடித்தால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் மீதியையும் சொல்லணும். அதே அச்சகத்தில் சித்தப்பாவோடு இன்னொருவர் வேலை பார்த்தார். கை வேகத்தில் சித்தப்பாவை விடக் கெட்டிக்காரர். அவர் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாட்ச்மேனாகப் போனார். மூளை இல்லாமலா? இல்லை. அந்த ஆறு மாசம் எங்க வீட்டிலே சித்தி தையல் மிஷினை மிதித்தார். அந்த வீட்டிலே மிதிக்கிறதுக்கு மிஷின் இல்லை, மூணு பெண் குழந்தைகள் இருந்தன. அவருக்குக் குறைந்தது அறிவு அல்ல, ஆறு மாச அரிசி.

அதனால் எதிரணிச் சகோதரியிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ‘போய்க் கத்துக்கோ’ என்று வெறும் வாயால் சொல்வது உபதேசம். கற்றுக்கொள்கிற நாட்களுக்குச் சோறு யார் போடுவது என்று சொல்வதுதான் திட்டம். (கைதட்டல்) ஆனால், அதற்காக ‘கற்கவே வேண்டாம், இருக்கிற வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்’ என்றால் என்ன ஆகும்? இந்த வட்டாரம் அதையும் பார்த்துவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2006-ல் உற்பத்தி தொடங்கியது. கிராமத்துப் பெண் பிள்ளைகள் வேனில் ஏறிப் போனார்கள். தங்கை படிப்பு, அண்ணன் கடன், வீட்டுக் கூரை எல்லாம் அந்தச் சம்பளத்தில் நடந்தது. வரி வழக்கு வந்தது. 2014-ல் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. நிரந்தர வேலை உத்தரவு பலர் பெட்டியில் இருந்தது. உத்தரவு இருந்தது, வேலை இல்லை! அங்கே ரோபோட்கூட வந்து துரத்தவில்லை நடுவர் அவர்களே. எங்கேயோ சந்தை மாறியது, யாரோ கையெழுத்துப் போட்டார்கள், இங்கே கேட்டு மூடியது. கையில் இருக்கிற வேலை என்பது கேட்டு திறந்திருக்கிற வரைக்கும்தான்.

‘அவங்க கத்துக்கிட்டவங்கதானே, என்ன ஆச்சு?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அசெம்பிளி லைனில் ஒருத்தருக்கு ஒரு ஸ்டேஷன். ஒரு பெண் வருஷக்கணக்கில் ஒரே பாகத்தை ஒரே மாதிரி பொருத்துவாள். அந்த வேகம் அந்த லைனுக்கு மட்டும் செல்லுபடியாகிற காசு. அடுத்த கம்பெனி கேட்டில் அதைச் சில்லறை மாற்ற முடியாது. பிறகு அதே வளாகத்தை சார்ஜர் தயாரிக்கிற சால்காம்ப் நிறுவனம் வாங்கியது. கேட்டு மறுபடி திறந்தது. ஆனால் 2006-ல் பதினெட்டு வயதில் உள்ளே போன பெண் அப்போது முப்பதைத் தாண்டிவிட்டாள். அவள் கையில் எந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்தக் கேட்டில் நிற்பாள்? நான் சொல்கிற வித்தை அதுதான். எந்தக் கேட்டிலும் செல்லுகிற, சர்க்கார் முத்திரை போட்ட வித்தை. ஒரு ஸ்டேஷன் வேகத்துக்குப் பயிற்சி என்று பெயர் வைக்காதீர்கள்! (பலத்த கைதட்டல்)

இப்போது ‘மிட்டாய்’க்கு வருகிறேன். 2020-ல் நாடாளுமன்றம் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பை நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கும் வந்துவிட்டது. அதிலே தொழிலாளர் மறுதிறன் நிதி என்று ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்பில் ஒருவரை அனுப்பினால், இழப்பீடு போக, அவருடைய 15 நாள் சம்பளத்தை முதலாளி அந்த நிதிக்குக் கட்டணும். அந்தப் பணம் 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வரணும். ‘வேலை போனவன் திரும்பக் கற்க வேண்டும்’ என்று சட்டமே ஒப்புக்கொண்டது நல்லதுதான். நான் குறை சொல்லவில்லை. கணக்கு மட்டும் கேட்கிறேன். பதினஞ்சு நாள்! எங்க சித்தப்பாவுக்கே ஆறு மாசம்! பதினஞ்சு நாளில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாலும் எட்டு போடத்தானே முடியும்? (சிரிப்பு)

அதைவிட முக்கியம், அது வேலை போன பிறகு வருகிற பணம். வெள்ளம் வடிந்த பிறகு நீச்சல் சொல்லிக் கொடுப்பது மாதிரி. நீச்சல் முன்னாலேயே வேண்டும். வேலையில் இருக்கும்போதே, ஷிப்டு நேரத்திலேயே, சம்பளத்தோடு கற்கணும். மரப்பெட்டி துறைமுகத்தில் இறங்குகிற அன்றைக்கே, அந்த லைனில் நிற்கிற ஆள் வகுப்பில் உட்காரணும். தொழிற்சங்கத்து அண்ணன்மார்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். சம்பள உயர்வு, போனஸ், கேன்டீன் சாப்பாடு எல்லாம் கேளுங்கள். அந்தப் பட்டியலில் ‘வருஷத்துக்கு இத்தனை மணி நேரப் படிப்பு’ என்று ஒரு வரியும் சேருங்கள்.

இது நடக்கிற காரியமா? நடந்திருக்கிறது. வங்கிக்குக் கம்ப்யூட்டர் வருகிறது என்றதும் ஊழியர் சங்கங்கள் எவ்வளவு எதிர்த்தன! கடைசியில் 1983-லும் 1993-லும் வங்கி நிர்வாகங்களோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். எந்த இயந்திரம், எந்த வேலைக்கு என்றெல்லாம் பேசி எழுதினார்கள். பேரேட்டில் பேனா பிடித்த மனிதர்களே பிறகு கீபோர்டு தட்டினார்கள். எதிர்க்கவும் தெரிந்தது, கற்கவும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் பலம்.

சிங்கப்பூரைப் பாருங்கள். 2016-லேயே 25 வயது தாண்டிய ஒவ்வொரு குடிமகனுக்கும் படிப்புச் செலவுக்கு என்று 500 வெள்ளி கணக்கில் வைத்தார்கள். 2024-ல் நாற்பது வயது தாண்டியவர்களுக்குக் கூடுதலாக 4,000 வெள்ளி! ‘உனக்கு நாற்பதாச்சா? இந்தா பணம், போய்ப் படி’ என்கிறது அந்த அரசாங்கம். நம்ம ஊரில் நாற்பது வயதுக்காரன் படிக்கப் போனால், ‘உனக்கு நாற்பதாச்சே, எதுக்கு?’ என்கிறோம். (சிரிப்பு)

நம்மிடம் கட்டடமும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. இதோ பக்கத்திலே ஒரகடம் அரசு ஐ.டி.ஐ. மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களைப் புதுப்பிக்கிற திட்டத்தில் 2023-ல் அங்கே ரோபோட், சி.என்.சி., மின்சார வாகனம் என்று புதிய கூடங்கள் திறந்தார்கள். அந்த பெஞ்சில் பிள்ளை உட்கார்ந்தால் மட்டும் போதாது, அப்பாவும் உட்காரணும். பகலில் மகனுக்குச் சொல்லிக் கொடுக்கிற அதே இயந்திரத்தில் மாலையில் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்க என்ன தடை? (கைதட்டல்)

கடைசியாக, தாய்மார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த மனுஷன் ஓ.டி. பார்க்காமல் புத்தகத்தை எடுத்து வைத்தால், ‘இந்த வயசுல கலெக்டருக்கா படிக்கிறீங்க?’ என்று கேட்டுவிடாதீர்கள். நீங்களே படிக்க ஆசைப்பட்டால், வீட்டுக்காரர் ஒருவேளை இட்லிக்கு மாவு கரைக்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. (சிரிப்பு, கைதட்டல்) ஆட்டுக்கல்லில் அரைத்த கைதான் கிரைண்டருக்கு மாறியது. ஆனால் மாவு பதம் எது என்று கிரைண்டரா சொல்கிறது? இன்றைக்கும் விரலால் தொட்டுப் பார்க்கிற உங்கள் கைதானே சொல்கிறது! இயந்திரம் சுற்றும். பதம் மனுஷனுக்குத்தான் தெரியும்.

நடுவர் அவர்களே! எங்க சித்தப்பா ஜெயித்தார், அவருடைய நண்பர் வாட்ச்மேன் ஆனார். இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு தையல் மிஷின்தான். அந்தத் தையல் மிஷின் இருக்க வேண்டிய இடத்தில் கம்பெனியும் அரசாங்கமும் இருக்கணும். கற்றுக்கொள்கிற மனசு தொழிலாளியிடம் இருக்கணும். வேலையை யாரோ கொடுக்கிறார்கள், அவர்களே எடுத்துக்கொள்ளவும் முடியும். கற்ற வித்தையைக் கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிகூடப் பிடுங்கி வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே தொழிலாளியின் குடும்பத்தைக் காப்பது கற்றுக்கொள்ளும் வித்தையே, வித்தையே என்று தீர்ப்பளிக்கும்படி கேட்டு, அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)